முந்திப் போட்ட வார்த்தை

விமானத்தைக் கண்ணால் பார்க்காமலே விமானம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லும் வேலை அவளுடையது. கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவள் உட்கார்ந்திருந்த கண்ணாடி அறை, வருகைக் கூடத்தின் சுவரில் கிளிக்கூண்டை மாட்டியது போல மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்தால் கூடம் முழுக்கத் தெரியும். யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள், யார் பெட்டியைத் தொலைத்துவிட்டு முழிக்கிறார்கள், எந்த மாப்பிள்ளை மாமியார் தலை தெரிந்ததும் செல்போனைக் காதில் வைத்து நடிக்கிறான் என்பதெல்லாம் அங்கிருந்தே தெரியும். ஓடுபாதை மட்டும் தெரியாது. அது கட்டடத்தின் பின்பக்கம். அந்தப் பக்கம் பார்க்க ஒரு ஜன்னல் வைத்துத் தாருங்கள் என்று அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

கூட வேலை பார்ப்பவர்கள் அவளை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கியில் பேசுவதும் அவள்தான், கூடத்தில் தொங்கும் பெரிய பலகையில் எழுத்தை மாற்றுவதும் அவள்தான். "மைக் சொல்லிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டி இறக்குகிறவர்கள் பீடியை அணைப்பார்கள்.

விதிப்படி, சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் பலகையில் 'தரையிறங்கியது' என்று போட வேண்டும். ஆனால் விதிப்படி நடந்தால் இந்த இடம் ஒரு நாள்கூட ஓடாது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். பெட்டி இறக்குகிறவர்கள் எழுந்து வர வேண்டும், பெட்டிகள் சுற்றி வரும் பட்டையை ஓட்டும் பெல்ட்காரர் பொத்தானை அமுக்க வேண்டும், டாக்சிகள் வரிசைக்கு வர வேண்டும். இத்தனை பேரும் பார்ப்பது பலகையைத்தான். அதனால் விமானம் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்க ஆரம்பித்ததுமே, டவரில் இருப்பவர் உள்தொலைபேசியில் "லைனுக்கு வந்துட்டான்" என்பார். இவள் உடனே 'தரையிறங்கியது' என்று போட்டுவிடுவாள். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் அது உண்மையிலேயே இறங்கிவிடும். இதற்கு அவர்கள் பேச்சில் 'முந்திப் போடுறது' என்று பெயர். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் போட்டார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். மேலாளருக்கும் தெரியும். விமானங்கள் சொன்ன நேரத்துக்கு இறங்குகின்றன என்று மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டு வருவதே அதனால்தானே! ஒரு தடவைகூடப் பொய்க்காத பொய்யை யாரும் பொய் என்று சொல்வதில்லை. அவளும் அதைப் பொய் என்று நினைத்ததே இல்லை.

அன்று மதியமே இருட்டிவிட்டது. மழை தகரக் கூரையில் கொட்டிய கொட்டில் ஒலிபெருக்கியில் பேசுவது அவளுக்கே கேட்கவில்லை. வர வேண்டிய மற்ற விமானங்கள் எல்லாம் வேறு நகரங்களுக்குத் திரும்பிப் போய்விட்டன. ஒன்றே ஒன்று மட்டும் ஒரு தடவை இறங்கப் பார்த்து, முடியாமல் மறுபடி மேலே ஏறி, மேகத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதில்தான் அவளுடைய அண்ணியும் குட்டியும் வந்துகொண்டிருந்தார்கள்.

குட்டி என்றால் அண்ணன் மகள். முன்பல் இரண்டும் விழுந்த வயது. அண்ணியின் தங்கைக்குப் பிரசவம் என்று தாயும் மகளும் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த ஒரு மாதமும் அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்து அம்மாவும் இவளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரு பொருள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியாது. சட்டையைத் தேடி அலமாரியைக் கவிழ்ப்பான், கடைசியில் அது அவன் தோளிலேயே கிடக்கும்.

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சி வண்டியில் சொல்லித்தருகிறவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தால்கூட அவன் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். அவனை லேசில் எதையும் நம்பவைக்க முடியாது. பால் பாக்கெட்டில் போட்ட தேதியை நம்ப மாட்டான். ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்பான். பச்சை விளக்கு விழுந்தாலும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். அப்பேர்ப்பட்டவன் தங்கச்சி சொன்னால் மட்டும் மறுபேச்சு பேச மாட்டான். "அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா மூக்கு சிவந்துடும், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பான்.

அன்றைக்குக் கூடத்தில் பலகைக்கு நேர்கீழே அவன் நின்றிருந்தான். கையில் குட்டியின் மஞ்சள் மழைக்கோட்டு. தலை அண்ணாந்தே இருந்தது. 'தாமதம்' என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்திருக்கும். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மேலேயிருந்து பார்த்தவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. மேகத்துக்குள் சுற்றும் விமானத்தை இங்கிருந்தே பிரேக் போட்டு நிறுத்தப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்தில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. தகவல் மேசையில் இருந்த பெண்ணைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. மேலாளர் வியர்த்து விறுவிறுத்துக் கண்ணாடி அறைக்குள் வந்தார். மேலாளர் நல்லவர்தான். மேலிடத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுகிற நல்லவர்.

"ஏதாவது சீக்கிரம் போடும்மா. கீழ மேசையையே உடைச்சிடுவாங்க போலிருக்கு."

"என்னன்னு சார் போடறது? இன்னும் சுத்திக்கிட்டுதானே இருக்கு."

"வந்தவுடனே போட்டுடு. தாமதிக்காதே" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

அவர் போன கையோடு உள்தொலைபேசி அடித்தது. டவர்க்காரர். "மைக், மறுபடி வர்றான். லைனுக்கு வந்துட்டான்" என்றார். வழக்கமாகச் சொல்கிற அதே இரண்டு சொல்தான். குரல் மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தது.

அவள் விரல் பொத்தானின் மேல் நின்றது. இந்த மழையில் முந்திப் போட வேண்டாம், கொஞ்சம் பொறுப்போம் என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே வந்தது. அப்போது கீழே பார்த்தாள். அண்ணனுடைய கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு அவளால் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. போட்டுவிட்டாள்.

'தரையிறங்கியது.'

கூடம் ஆர்ப்பரித்தது. முன்பின் தெரியாதவர்கள் கைகொடுத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றித் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அவள் ஒலிபெருக்கியை இழுத்து, மழையையும் மிஞ்சுகிற குரலில் அறிவித்தாள். எத்தனையோ அறிவிப்பு செய்தவள், அன்று சொன்னது போல அவ்வளவு சந்தோஷமாக ஒன்றைச் சொன்னதே இல்லை. கீழே அண்ணனின் கால் தரையிலிருந்து எழும்பியது. அவன் நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். இவளும் கட்டைவிரலை உயர்த்தினாள். உடனே அவன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். அம்மாவிடம்தான் பேசுகிறான், வந்தாச்சு என்று சொல்கிறான் என்று உதடுகளைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

தீயணைப்பு வண்டிகளின் சங்கு அதன் பிறகுதான் ஊதியது. மழைச் சத்தத்தில் கூடத்தில் யாருக்கும் அது காதில் விழவில்லை. ஓடுபாதைப் பக்கத்துச் சுவர் வழியாக அவள் அறைக்குள் மட்டும் மெலிதாக விழுந்தது. பயிற்சிக்காகச் சில நாள் ஊதுவதுண்டு. இந்த மழையில் என்ன பயிற்சி என்று நினைத்தபோதே கை உள்தொலைபேசியை எடுத்துவிட்டது. டவரில் யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி. கடைசியில் டவர்க்காரர் எடுத்தார்.

"மைக்... போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"ஐயோ" என்றார்.

"என்ன சார்? என்ன ஆச்சு? சொல்லுங்க!"

"இறங்கலம்மா. பக்கத்துல வரும்போது காத்து அப்படியே கீழ அமுக்கிடுச்சு. வேலிக்கு வெளிய விழுந்துட்டான். நெருப்பு இங்கேர்ந்தே தெரியுது."

"ஆளுங்க? சார், ஆளுங்க?"

"எப்படிம்மா இருப்பாங்க? நான் பாத்தேம்மா. இந்தக் கண்ணால பாத்தேன். யாரும் இருக்க முடியாது." அந்த மனிதர் அழுதார். அவர் அழுவதைக் கேட்டுக்கொண்டே அவள் கீழே பார்த்தாள். அண்ணன் குளிர்பானக் கடையில் ஒரு பழச்சாறு டப்பா வாங்கி, அதில் உறிஞ்சுகுழல் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். குட்டிக்குக் குழல் இல்லாவிட்டால் குடிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் சட்டையில் ஊற்றிக்கொள்வாள்.

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. அழக்கூட வரவில்லை. முதலில் தோன்றியது ஒன்றுதான். அந்தச் சொல்லை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். பலகைக்கான திரையில் சொற்கள் வரிசையாக இருந்தன. குறித்த நேரம், தாமதம், தரையிறங்கியது, திருப்பிவிடப்பட்டது, ரத்து. அதில் எந்தச் சொல்லைத் தொடுவது? இப்படி ஒன்று நடக்கும் என்று எண்ணி யாரும் அதற்கென்று ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கவில்லை. 'தாமதம்' என்று திரும்பப் போடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கையை எடு" என்றார் மேலாளர். எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. "எதையும் மாத்தாதே. மேலிடத்துலேர்ந்து வார்த்தை வரணும். அவங்க சொல்றதைத்தான் நாம சொல்லணும்."

"சார், எங்க அண்ணன் கீழ நிக்கிறான்."

"தெரியும்மா."

"அண்ணியும் குழந்தையும் அதுல..."

"தெரியும்மா! கீழ நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் யாரோ அதுலதான் இருக்காங்க. இப்ப அதை மாத்தினா இங்க என்ன நடக்கும்னு யோசிச்சியா? ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி மிதிச்சிக்குவாங்க."

"அப்ப நீங்க போய்ச் சொல்லுங்க. யாராவது போய்ச் சொல்லணும்ல?"

"என்னன்னு சொல்றது? எனக்கே இன்னும் யாரும் அதிகாரமா சொல்லல" என்றார் அவர். சொல்லும்போதே அவர் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு, நின்றபடியே "சார், சார், சார்" என்று பேசிக்கொண்டு வெளியே போனார்.

கீழே பெல்ட் சுற்ற ஆரம்பித்திருந்தது. ஆரம்பிக்காமல் என்ன செய்யும்? பலகையைப் பார்த்துத்தான் பெல்ட்காரர் பொத்தானை அமுக்குவார். அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூட்டம் முண்டியடித்து நின்று, ஒரு பெட்டிகூட இல்லாமல் சுற்றிச் சுற்றி வரும் கறுப்பு ரப்பர் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள்.

அவள் செல்போன் ஒலித்தது. அண்ணன்.

"ஏய் வாயாடி, என்ன உங்க ஆளுங்க இவ்ளோ மந்தமா இருக்காங்க? பெல்ட்டு சும்மா சுத்துது. ஒரு ஆளையும் காணோம்."

அவள் கண்ணாடி வழியே கீழே அவனைப் பார்த்தாள். பழச்சாறு டப்பாவை மழைக்கோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவன் பேசினான்.

"உங்க அண்ணி சீவி முடிச்சு சிங்காரிச்சுட்டுதான் இறங்குவா, அது எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு என்ன கேடு? சரி சரி, போன் பண்ணேன், அவ போன் அணைஞ்சே இருக்கு. குட்டி விளையாடி சார்ஜ் எல்லாம் தீத்திருப்பா. மழையா இருக்கு, படிக்கட்டு வழுக்கும். பாத்து இறக்கிவிடச் சொல்லு உங்க ஆளுங்ககிட்ட. என்ன, கேக்குதா?"

"கேக்குதுண்ணா."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"கொஞ்ச... கொஞ்ச நேரம் ஆகும்ணா" என்றாள். அதைச் சொன்ன நாக்கை அவள் அதன் பிறகு எத்தனையோ தடவை சபித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் போட்டதையாவது பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது?

போனை வைத்ததும் பெல்ட்காரரை அழைத்து நிறுத்தச் சொன்னாள். பெல்ட் நின்றது. நின்றதும் கூடத்தின் சத்தமும் மெல்லக் குறைந்தது. அது அவளுக்கு முன்பைவிடப் பயமாக இருந்தது.

அப்போது ஒரு டாக்சிக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் வந்து நின்றார். "விழுந்துடுச்சுங்க! வேலிக்கு அந்தாண்ட விழுந்து எரியுது!" என்று கத்தினார். ஒரு அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து, "வாயைக் கழுவுடா!" என்று உலுக்கினாள். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். "குடிச்சிருக்கியா?" "பலகையைப் பாருய்யா, கண்ணு தெரியலயா?" "எதுல விளையாடறதுன்னு இல்லையா உனக்கு?" என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். யாரோ அவரைக் கன்னத்தில் அறைந்தார்கள். சிலர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பார்த்தவர்கள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பக்கத்திலிருந்தவர்களிடம் காட்டினார்கள்.

அண்ணன் ஒரு இருக்கையின் மேல் ஏறி நின்றான். எதையும் நம்பாதவன், பச்சை விளக்கையும் நம்பாதவன் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தைரியம் சொல்ல ஏறி நின்றான்.

"யாரும் பதறாதீங்க! போன்ல வர்றதெல்லாம் நம்பாதீங்க. அது வேற எங்கயோ நடந்ததா இருக்கும். இந்தப் பலகையைப் போடறது யாரு தெரியுமா? என் சொந்தத் தங்கச்சி. அதோ மேல உக்காந்திருக்கா பாருங்க. இப்பத்தான் அவகிட்ட பேசினேன். கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்கன்னு சொன்னா. அவ சொன்னா சொன்னதுதான்!"

கூடம் முழுக்க அண்ணாந்து அவளைப் பார்த்தது. அவள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எத்தனை முகம்! ஒவ்வொன்றிலும் ஒரு நம்பிக்கை, அவள் கொடுத்த நம்பிக்கை. ஒரு பெண் அவளைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தாள். இதற்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மனுஷியே இல்லை என்று தோன்றியது. எழுந்தாள்.

படியில் மேலாளர் வழிமறித்தார். "கீழ போகாதே. போனா வேலை இருக்காது, அப்புறம் என்னைக் கேக்காதே."

"வேலையா சார்?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அவள் கூடத்துக்குள் வந்ததும் கூட்டம் தானாக விலகி வழி விட்டது. அண்ணன் இருக்கையிலிருந்து குதித்து இறங்கி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் கை சூடாக இருந்தது. "வந்துட்டா பாருங்க. நீயே சொல்லு. இவங்க எல்லாரும் பயந்து போயிருக்காங்க" என்றான்.

"அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் வா."

"இங்கயே சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"அண்ணா..."

"சொல்லும்மா!"

"இறங்கலண்ணா" என்றாள். தினமும் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசுகிறவளின் குரல் பக்கத்தில் நின்றவனுக்கே எட்டவில்லை. மறுபடி சொன்னாள். "இறங்கவே இல்ல. இறங்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். நாங்க எப்பவுமே அப்படித்தான் போடுவோம். லைனுக்கு வந்துட்டா போட்டுடுவோம். அது வேலிக்கு வெளிய விழுந்துடுச்சு. அந்த டாக்சிக்காரர் சொன்னது நிஜம். டவர்லேர்ந்து பாத்திருக்காங்க. யாரும் இல்லண்ணா. யாருமே இல்ல."

பக்கத்தில் இருந்த அம்மாள் டாக்சிக்காரரின் சட்டையை விட்டாள். கூட்டத்தின் பின்பக்கம் இருந்தவர்கள், "என்ன சொல்றா? என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அழுகையை அடக்கி அடக்கி அவள் முகமெல்லாம் கன்றிப்போயிருந்தது. அவன் மெல்லச் சிரித்தான்.

"மூக்கு சிவந்திருக்கு" என்றான்.

"அண்ணா..."

"பொய் சொல்ற. யாரோ உன்னைச் சொல்லச் சொல்லியிருக்காங்க. கொஞ்ச நேரம் முன்னாடி போன்ல என்ன சொன்ன? கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லல? எனக்குக் கட்டைவிரலைக் காட்டல நீ?" அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "பயப்படாதீங்க. ஏதோ குழப்பம். இவளுக்குப் பொய் சொல்ல வராது, நான் அண்ணன், எனக்குத் தெரியும்."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்றது நிஜம்ணா. நிஜம்ணா. எப்படிண்ணா உனக்குச் சொல்றது?"

"அப்ப அது ஏன் இன்னும் அப்படியே இருக்கு?" என்று பலகையைக் காட்டினான். குரலில் கோபமில்லை. கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் வளைவு திருப்பச் சொல்லித்தருகிற அதே நிதானம். "நிஜமா இருந்தா மாத்தியிருப்பீங்கள்ல? அது மாறட்டும். மாறினா நம்பறேன். அதுவரைக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

அவன் அப்படிச் சொன்னதும் மற்றவர்களும் பலகையைப் பார்த்தார்கள். அவள் சொன்னதைக் கேட்டுக் கதறத் தொடங்கியிருந்த ஒருவர்கூட, அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நிறுத்தினார். அவள் வாயால் சொன்னதைவிட, அவள் விரலால் போட்டதுதான் அங்கே எல்லோருக்கும் பெரிதாக இருந்தது. எரிந்துபோனவர்களை அந்த ஒரு சொல் இன்னும் உயிரோடு வைத்திருந்தது. அதை எடுக்க வேண்டிய கையும் அவளுடையதாகவே இருந்தது.

படியேறினாள். மேலாளர் சுவரோரமாக நின்று இன்னும் "சார், சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து திரையை இழுத்தாள். போடுவதற்குச் சொல் எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த விமானத்தின் வரியைத் தேர்ந்தெடுத்து, அழித்தாள்.

பலகையில் அந்த வரி மறைந்தது. கீழே இருந்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு படி மேலே ஏறிக்கொண்டன. அது இருந்த இடத்தில் எங்கிருந்தோ சாயங்காலம் வர வேண்டிய வேறொரு விமானம் 'குறித்த நேரம்' என்று வந்து உட்கார்ந்தது.

கீழேயிருந்து எழுந்த ஓலத்தில் கண்ணாடி அதிர்ந்தது. மக்கள் தரையில் விழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் வாசலை நோக்கி ஓடினார்கள். மேலாளர் பயந்தது போல யாரும் யாரையும் மிதிக்கவில்லை. அவரவர் துக்கத்தைச் சுமந்துகொண்டு நிற்கவே அவரவருக்குத் தெம்பில்லை.

அண்ணன் மட்டும் விழவில்லை, ஓடவும் இல்லை. பலகையைப் பார்த்தான். மறுபடி மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கண்ணாடி அறைக்கு நேர்கீழே நின்று அவளை அண்ணாந்து பார்த்தான். வாயசைந்தது. சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. கையை நீட்டிப் பலகையைக் காட்டினான், பிறகு அவளைக் காட்டினான், மறுபடி பலகையைக் காட்டினான். போடு என்றான். திரும்பப் போடு. அவன் உதடுகள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. போடும்மா. ஒரே ஒரு தடவை போடும்மா.

அவள் விரல் திரையின் மேல் போய் நின்றது. அந்தச் சொல் அங்கேதான் இருந்தது, வரிசையில் மூன்றாவதாக. தொட்டால் போதும். அண்ணன் முகம் ஒரு நிமிஷமாவது பழையபடி ஆகும். அவள் கையை இழுத்து மடியில் வைத்து, மற்ற கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே அவன் இரண்டு கையையும் ஏந்திக் கேட்டுக்கொண்டே நின்றான்.